கறுப்பாக இருந்தால் மட்டும் போதுமா?

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மூன்றாம் வகுப்பிலிருந்தே பவர் கண்ணாடி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்ணைச் சுருக்கி, நெற்றியில் கையை வைத்துக்கொண்டே வருவாள். "வெயில் கூசுதும்மா" என்பாள். எங்கள் பாலக்கோட்டுச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாளடைவில் விளையாடக்கூடப் போகாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டாள்.

பாவமாக இருக்கிறதே என்று திருவிழாக் கடையில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன். பவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனாள். எதிரே வந்த சைக்கிள் சரியாகத் தெரியாமல் மோதி, முழங்காலில் மூன்று தையல்!

கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். திருவிழாக் கண்ணாடியைப் பார்த்ததுமே அவர், "இது வெறும் கறுப்பா இருந்தா போதாதும்மா. கறுப்பு போட்டதும் கண்ணின் பாப்பா விரியும். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கண்ணாடின்னா, கதிர் இன்னும் அதிகமாத்தான் உள்ளே போகும். பெரியவங்களைவிடக் குழந்தைங்க கண்ணுக்குள்ளே அந்தக் கதிர் சுலபமாப் போயிடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லது செய்வதாக நினைத்து என்ன செய்துவிட்டேன்!

கண் கூசுவதற்கு அலர்ஜியும் காரணமாக இருக்கலாம் என்று சோதித்துப் பார்த்தார். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை. பிறகு, அவள் பவரிலேயே, வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் லென்ஸ் எழுதிக் கொடுத்தார். போட்டோகுரோமிக் என்று பெயர். புற ஊதாக் கதிர் பட்டால்தான் அது கறுக்கும்.

வீட்டில் மாமியார், "பொட்டப் புள்ளைக்குக் கூலிங் கிளாஸ் எதுக்கு? ஊர் சிரிக்கும்" என்றார். "அத்தை, இது ஸ்டைலுக்கு இல்ல, மருந்து மாதிரி" என்று பொறுமையாகச் சொன்னேன். வகுப்புக்குள் நுழைந்ததும் லென்ஸ் வெளுக்கச் சில நிமிடம் ஆகும். அதைப் பார்த்து அவளுடைய டீச்சரும் "என்ன, சினிமா நடிகையா?" என்று கேட்க, அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் நானே நேரில் போய் விளக்கினேன். டீச்சர் புரிந்துகொண்டார்.

இப்போது சாயந்திரமானால் என் மகள் தெருவில்தான்! அதுவும் நல்லதுதானாம். வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதால், தைவான் நாட்டில் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கச் சொல்கிறார்கள். ஆகவே வெயிலுக்குப் பயந்து பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்.

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்:

* கண்ணாடி வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். "யு.வி. 400" தடுப்பு உண்டா என்று கேளுங்கள். நிறமே இல்லாத லென்ஸிலும் அந்தத் தடுப்பு இருக்கலாம்.

* பிள்ளைகளுக்குச் சில்லு லென்ஸ் வேண்டாம். விழுந்தால் உடைந்து கண்ணில் குத்தும். பாலிகார்பனேட் லென்ஸ் அவ்வளவு சுலபத்தில் உடையாது.

* கார் கண்ணாடியே புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுவதால், காருக்குள் இந்த லென்ஸ் அவ்வளவாகக் கறுக்காது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

* விலை கட்டுப்படியாகாதவர்கள் சாதாரணப் பவர் கண்ணாடியோடு, முன்பக்கம் நீண்ட தொப்பி ஒன்று போட்டு அனுப்பலாம். உச்சி வெயிலைத் தவிர்த்தாலே பாதிக் கூச்சம் போகும்.

* எந்தக் கண்ணாடி போட்டிருந்தாலும் சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள்.

* பிள்ளை ஓயாமல் கண்ணைக் கசக்கினாலோ, கண் சிவந்து நீர் வடிந்தாலோ, கண்ணாடிக் கடைக்கு ஓடாமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தத் திருவிழாக் கண்ணாடியை என்ன செய்தேன் என்கிறீர்களா? எங்கள் தக்காளித் தோட்டத்துச் சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டிவிட்டேன். அதற்குத்தான் கண் கெடாது!

— ஒரு வாசகி, பாலக்கோடு.