ஈரத் தீவில் ஆமைக்குஞ்சுக்கு ஒரு வீடு

அக்கா மகன் அதை என் உள்ளங்கையில் வைத்தபோது தலையை இழுத்துக்கொண்டு கூழாங்கல் மாதிரி கிடந்தது. இரண்டு அங்குலம்கூட இல்லை. கோழி முட்டையைவிட எடை குறைவு. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தேன். முன்னங்கால் ஒன்று மெல்ல வெளியே வந்தது. யானைக்கால் ஒன்றைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சுருக்கியது போலிருந்தது.

சுல்காட்டா என்ற நில ஆமை அது. சஹாராவின் தெற்கு விளிம்பில், வறண்ட புல்வெளியில் பிறந்த இனம். இப்போது வந்து சேர்ந்திருப்பதோ மலேசியாவின் கேரித் தீவு: ஒரு பக்கம் லங்காட் ஆறு, மறுபக்கம் கடல், மண்கரை எழுப்பி மதகு வைத்துச் செம்பனை நட்ட களிமண் பூமி. இங்கே ஆமைக்கு வெளியே வீடு கட்டுகிறவர்கள் முதலில் தரையைத்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் பார்க்கவில்லை. கொல்லையில் நான்கு பலகைகளை நிறுத்தி, மேலே வலை போட்டு, அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் மழை கொட்டியது. களிமண் தண்ணீரை உள்ளே வாங்கவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், சாய்ந்து கிடந்த பூந்தொட்டியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தை முடிந்தவரை மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது குஞ்சு. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் அது செத்திருக்கும்.

மறுபடி கட்டினோம். சிமெண்டுக் கற்களை அடுக்கி ஓரடி உயரத்துக்கு மேடை. அடியில் எலி தோண்டி வராதபடி அரை அங்குலக் கட்டக் கம்பிவலை, அதன்மேல் சரளைக்கல், அதற்கும் மேல் ஆற்று மணலும் தோட்ட மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து அரை அடி. சுற்றுச்சுவருக்குப் பலகை, ஏனென்றால் ஆமைக்கு வெளியே தெரிந்தால் அந்த இடத்தையே நாள் முழுக்க முட்டிக்கொண்டிருக்கும். மேலேயும் பூட்டு வைத்த கம்பிவலை. காக்கை, எலி, குரங்கு, நாங்கள் பியாவாக் என்று சொல்லும் உடும்பு எல்லாம் சுற்றித் திரிகிற ஊர் இது. அதனால் இரவில் குஞ்சு வீட்டுக்குள்தான் தூங்குகிறது.

வெயில் கட்டாயம் வேண்டும். அதிலுள்ள புறஊதாக் கதிர் பட்டால்தான் உடம்பில் டி3 உயிர்ச்சத்து ஊறி, சுண்ணாம்புச்சத்து ஓட்டில் சேரும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். சன்னலோரத் தொட்டி போதாது. ஆனால் கூண்டில் பாதி நிழலாக இருக்க வேண்டும். வெயிலில் மல்லாந்து விழுந்த குஞ்சு வெகு நேரம் தாங்காது. பாதி புதைத்த மண்தொட்டியும், தாடையைத் தாண்டாத தண்ணீர்த் தட்டும் வைத்தோம்.

பாலைவன விலங்குதானே, காய்ந்த இடமே நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சுல்காட்டா குஞ்சுகளை வைத்தே ஆஸ்திரியாவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், காற்று வறண்டிருந்தால் ஓடு அதிகமாகக் கூம்பு கூம்பாகப் புடைக்கிறது என்று தெரிந்தது. நம் காற்றின் ஈரம் குஞ்சுக்கு வரம். நனைந்து குளிர்ந்த தரைதான் சளியைக் கொண்டுவரும்.

தீனி விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியவர் அம்மா. தோட்டத்தில் பல வருடம் மருந்தடித்தவர். பையன் பாதையோரப் புல்லைப் பிடுங்கி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “அதத் தொடாதய்யா, நுனி மஞ்சளா இருக்கு பாரு. மருந்தடிச்ச புல்லு.” பாராகுவாட் 2020இல் தடைசெய்யப்பட்டாலும் மற்றக் களைக்கொல்லிகள் இருக்கத்தான் செய்கின்றன. அதனால் அருகம்புல்லைத் தொட்டியில் நாங்களே வளர்க்கிறோம். செம்பருத்தி இலை, பூ, சுண்ணாம்புச்சத்துக்குக் கணவாய் ஓடு. பழம் கொடுப்பதில்லை. ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமி அதன் மேல் இருக்கலாம்.

வாங்குமுன் காகிதம் கேளுங்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் உரிமம் பற்றி விசாரியுங்கள். இந்திய நட்சத்திர ஆமையை யாராவது மலிவாக நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். 2019 முதல் சைட்டிஸ் என்ற வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் இனம் அது. சென்னை விமான நிலையத்தில் அவை பயணப்பெட்டிக்குள் திணிக்கப்பட்டு எத்தனையோ முறை பிடிபட்டிருக்கின்றன. அப்படி வருவதில் எத்தனை வழியிலேயே சாகும் என்று நினைத்தாலே மனம் பதைக்கிறது.

எங்கள் கூண்டு இரண்டு, மூன்று வருடத்துக்குத்தான். வளர்ந்த சுல்காட்டா நாற்பது, ஐம்பது கிலோ இருக்கும். ஆள் நுழைகிற அளவுக்குக் குழி தோண்டும். எழுபது வருடத்துக்கு மேலும் வாழும். பையனுக்கு இப்போது பதினொன்று. கொல்லையின் மேட்டுப் பக்கத்தை அதற்கென்று ஒதுக்கி, போன வாரம் வேலியோரமாகச் செம்பருத்திக் குச்சிகளை நட்டிருக்கிறான். மூன்று துளிர்த்துவிட்டன.