பள்ளிக் கட்டுரையும் நம் பிள்ளைகளின் கேள்வியும்
(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலம், வன்கொடுமை, இடஒதுக்கீடு என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும்போது, நினைவு நாள் கூட்டத்தில் பள்ளிக் கட்டுரையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு அண்ணலின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் ஒரு கட்டுரை வாசித்தார். 'இந்தியாவில் சாதிகள்' என்று இன்று நாம் நூலாகப் படிப்பது அதைத்தான். சாதியைப் பற்றி அன்று பேர்பெற்ற அறிஞர்கள் சொன்ன விளக்கங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். எது போதாது, ஏன் போதாது என்று காட்டினார். அகமணமே சாதியின் அடிப்படை என்றும், சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் அகமணத்தைக் காக்க வந்த ஏற்பாடுகள் என்றும் நிறுவினார். சாதி ஒழிப்புக்கான அவரது சிந்தனை ஒரு மாணவர் கட்டுரையாகத்தான் முதலில் எழுத்தில் வந்தது.

அதற்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு போவோம். பூனாவில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் நடத்திய பள்ளியில் முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி படித்தார். 1855இல், 14 வயதில், மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் அச்சானது. வேதம் பிராமணருக்கு மட்டுமே உரியது என்றால் வேதம் இல்லாத எங்களுக்கு எது மதம் என்று அதில் கேட்டார். பேஷ்வா ஆட்சியில் தம் மக்கள் பட்ட கொடுமைகளைச் சொன்னார். கூரையில்லாமல் பிள்ளை பெறும் பெண்களின் வேதனையையும் சொன்னார். அப்போது அவர் மூன்று ஆண்டுகள்தான் பள்ளிக்குப் போயிருந்தார்.

அதே 1855இல்தான் ஜோதிராவ் 'திருதீய ரத்னா' என்ற நாடகத்தை எழுதினார். சோதிடம் சொல்லும் புரோகிதரிடம் ஏமாறும் ஏழை உழவர் தம்பதி, கடைசியில் படிக்கப் போவதென்று முடிவெடுக்கிறார்கள். பள்ளி, கட்டுரை, நாடகம் மூன்றும் அங்கே ஒரே வேலையின் மூன்று பகுதிகளாக இருந்தன. நம் பள்ளிகளில் அவை தனித்தனிப் பாடங்களாகிவிட்டன. மூன்றுக்கும் நோட்ஸ் கிடைக்கிறது. மூன்றையும் மனப்பாடம் செய்துவிடலாம்.

ஆங்கில இலக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1835இல் மெக்காலே தன் கல்விக் குறிப்பை எழுதினார். ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் கல்விக்கூடங்களில் முறையான பாடமாக நிலைபெறும் முன்பே காலனிய இந்தியாவில் பாடமாகிவிட்டது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியான தம் நூலில் விளக்கியிருக்கிறார். ஆளுகைக்குப் பணியும் மனத்தை உருவாக்கவும் அந்தப் பாடம் பயன்பட்டது. ஆனால் ஒடுக்கப்பட்டோருக்கு ஆங்கிலம் ஒரு வாசலாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. நல்ல கட்டுரை இரண்டையும் சேர்த்தே பார்க்கும்.

ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் காலிபன் என்ற பாத்திரம் வருகிறது. 'காட்டுமிராண்டி' என்ற ஒரே சொல்லில் நோட்ஸ் அவனை முடித்துவிடும். நாடகத்தைத் திறந்து படித்தால் வேறு செய்திகள் கிடைக்கும். அந்தத் தீவு தன் தாய்வழி வந்தது என்று காலிபன் உரிமை கோருகிறான். எஜமானர்கள் கற்றுக்கொடுத்த மொழியைக் கொண்டே அவர்களைச் சபிக்கிறான். மிராண்டாவிடம் முறைகேடாக நடக்க முயன்றவன் என்ற குற்றச்சாட்டும் அவன்மேல் இருக்கிறது. இவற்றில் எதையும் மறைக்காமல், 'தீவு யாருடையது?' என்று கேட்டு எழுதும் மாணவி இலக்கியம் படிக்கத் தொடங்கிவிட்டாள். மார்ட்டினிக் தீவின் கறுப்பினக் கவிஞர் எமே செசேர் இந்தக் கேள்வியிலிருந்துதான் 1969இல் அதே கதையை மாற்றி ஒரு நாடகமாக எழுதினார்.

வரலாற்றுக்கும் நாடகத்துக்கும் நம் கடலூர் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சிதம்பரத்துக்குப் போக ஏங்கிய நந்தனின் கதை அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் நந்தன், கோயில் இசைக்கருவிகளுக்குத் தோலும் நரம்பும் கொடுக்கும் புலைப்பாடித் தொண்டர். அங்கே அவரைத் தடுக்கும் பண்ணையார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில்தான் விடுப்புக் கொடுக்காத வேதியர் வருகிறார், பண்ணையடிமை முறையும் கதைக்குள் வருகிறது. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசர் என்று எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்ற நாடகத்தைத் தந்தார்.

பெயர் ஒன்று, கதை நான்கு. வரலாற்று மாணவர் எந்தக் கதை எந்தக் காலத்தில், யாருக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்க வேண்டும். இலக்கிய மாணவர், உள்ளே நுழைய நந்தன் ஏன் தீயில் இறங்க வேண்டியிருந்தது, வெளியே வரும்போது ஏன் பூணூலோடு வருகிறார் என்று கேட்க வேண்டும். நாடக மாணவரின் கேள்வி இன்னும் நேரடியானது: இந்தத் தீக்காட்சியை மேடையில் எப்படிக் காட்டுவீர்கள்? தீயை மூட்டுவது யார்? அர்ச்சகர்கள் எங்கே நிற்கிறார்கள்? பறை எங்கிருந்து ஒலிக்கிறது? இவற்றுக்கு விடை சொல்லும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே. ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' நாடகத்தில், பலியாகிறவரின் பக்கம் நின்று மேடையை அமைக்க முடியும் என்று காட்டினார்.

இப்படி எழுதினால் மதிப்பெண் குறையாதா என்று பெற்றோர் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியம். விடைக்குறிப்பில் இருப்பதைத்தான் திருத்துபவர் தேடுவார். அதனால் தேர்வைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. தேர்வுக்கு ஒரு கட்டுரை எழுதட்டும். தனக்கு இன்னொரு கட்டுரை எழுதட்டும். இரண்டாவதை எழுதிப் பழகியவருக்கு முதலாவதும் எளிதாகும். புரிந்து எழுதியது பாதியில் மறந்து நிற்காது.

அந்த இரண்டாவது கட்டுரைக்கு நான்கு படிகள் போதும். முதலில் தலைப்பைக் கேள்வியாக மாற்ற வேண்டும். 'நந்தனாரின் பக்தி' என்பது தலைப்பு. 'நந்தனை வாசலில் நிறுத்தியது யார்?' என்பது கேள்வி. அடுத்து, சொல்லும் ஒவ்வொன்றுக்கும் சான்று காட்ட வேண்டும். நாடகத்தின் எந்தக் காட்சி, எந்த ஆண்டின் ஆவணம், யாருடைய வாய்மொழி என்பது தெரிய வேண்டும். மூன்றாவது, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நேர்மையாக எடுத்துச்சொல்லிப் பதில் தர வேண்டும். அம்பேத்கர் 1916இல் செய்தது இதுதான். கோபம் நியாயமானது என்பதற்காகச் சான்று வேண்டாம் என்று ஆகிவிடாது. கடைசியாக, முடிவுரையில் தன் முடிவைச் சொல்ல வேண்டும். முன்னுரையைத் திருப்பி எழுதுவது முடிவுரை ஆகாது.

தலைப்புகளுக்கும் பஞ்சமில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் மின்சாரப் பீங்கானும் செய்கிற பட்டறைகளில் மண் பிசைகிறவர் யார், சூளையில் நிற்கிறவர் யார் என்று கேட்டு எழுதலாம். காட்டுமன்னார்கோயிலின் எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்த குழு, தீண்டாமை பற்றி 1969இல் அறிக்கை தந்தது. அதில் சொன்னது எதுவெல்லாம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது என்று ஒப்பிட்டு எழுதலாம். இந்தப் பகுதியின் வாழ்க்கையிலிருந்து எழுதும் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலை எடுத்து, ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் படிநிலை எப்படி இயங்குகிறது என்று எழுதலாம். அப்படி எழுதும்போது நம்மை நோக்கியும் கேள்வி வரும். வரட்டும்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேரிகளில் நாம் நடத்தும் மாலை வகுப்புகளில் வாரம் ஒரு கட்டுரையைப் பிள்ளைகள் எழுதி, எல்லோர் முன்னும் வாசிக்கட்டும். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். முதலில் அந்தப் பிள்ளை என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். முக்தாவின் கட்டுரையைப் பொறுமையாகக் கேட்டு, அச்சுக்கும் அனுப்பிய பெரியவர்கள் 1855இல் இருந்தார்கள். அதனால்தான் அந்தக் குரல் இன்று நம் கையில் இருக்கிறது.

ஜெய் பீம்.