பேக்கப் ஓடும்போது மேக் விழுகிறதா? அவசரப்பட்டு எதையும் அழுத்தாதீர்கள்

இரவு 11 மணி. இறுதியாண்டுத் திட்டப்பணியைச் சேமித்துவிட்டு, மேக் கணினியை அப்படியே மேசையில் விட்டுத் தூங்கப்போகிறீர்கள். காலையில் பார்த்தால், ஏதோ பிரச்சினையால் கணினி மறுபடியும் தொடங்கப்பட்டதாகத் திரையில் ஓர் அறிவிப்பு. மறுநாளும் அதே கதை.

கணினி போச்சு, புதுசு வாங்கணும் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வீட்டில் 'நாஸ்' இருக்கிறதா? ரவுட்டரோடு இணைத்துக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டியைத்தான் சொல்கிறேன். டைம் மெஷின் அதில்தான் பேக்கப் எடுக்கிறது என்றால், முதலில் அந்தப் பக்கம் பாருங்கள்.

வட்டுக்குள் இன்னொரு வட்டு

நாஸில் பேக்கப் எடுக்கும்போது டைம் மெஷின் உங்கள் படங்களையும் கோப்புகளையும் அங்கே நேரடியாக அடுக்கி வைப்பதில்லை. முதலில் ஒரு 'டிஸ்க் இமேஜ்' உருவாக்கும். அதாவது, ஒரு முழு வட்டையே கோப்பு வடிவில் செய்து வைப்பது. அதைத் திறந்ததும் மேக் தனக்கு இன்னொரு வட்டு கிடைத்துவிட்டது என்றே நம்பும்.

உண்மையில் அது ஒரே கோப்புகூட இல்லை. ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள். 2007இல் டைம் மெஷின் வந்தபோது ஒரு துண்டின் வழக்கமான அளவு 8 மெகாபைட்.

சிக்கல் இங்கேதான். கணினிக்குள் இருக்கும் வட்டில் எழுதும்போது நடுவில் ஏதும் இல்லை. நாஸில் எழுதும்போது நடுவில் வைஃபை இருக்கிறது. பாதியில் இணைப்பு அறுந்தால் சில துண்டுகள் புதியவை, சில பழையவை. உள்ளே இருக்கும் பட்டியல் ஒன்று சொல்லும், துண்டுகள் வேறொன்று சொல்லும்.

நம் வீவக வீடுகளில் இது இன்னும் சுலபமாக நடக்கும். ரவுட்டர், நாஸ் எல்லாவற்றையும் 'பாம் ஷெல்டருக்குள்' ஒளித்துவைப்பவர்கள் நிறைய பேர். பார்க்க நீட்டாக இருக்கும். ஆனால் அந்தக் கெட்டியான கான்கிரீட் சுவரையும் எஃகுக் கதவையும் தாண்டிவர வைஃபை படும் பாடு அதற்குத்தான் தெரியும்.

சரி, பேக்கப் தோற்றால் தோற்கட்டும், கணினியே ஏன் விழணும்? நியாயமான கேள்வி. பெரும்பாலும் ஒரு பிழைச் செய்தியோடு முடிந்துவிடும். ஆனால் டிஸ்க் இமேஜைத் திறப்பது, நாஸோடு பேசுவது போன்ற வேலைகளில் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் பங்கு உண்டு. அங்கே சமாளிக்க முடியாத நிலை வந்தால், தொடர்ந்து ஓடித் தரவைக் கெடுப்பதைவிட நிற்பதே மேல் என்று கெர்னல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். 'கெர்னல் பேனிக்' என்பது இதுதான். அந்த அளவுக்குப் போனால் மென்பொருளில் பிழையோ வன்பொருளில் கோளாறோ இருக்கலாம். அதனால் மேக், நாஸ் இரண்டிலும் புதுப்பிப்பு காத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போ என்ன செய்யலாம்?

தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். ஓரிரு நாள் நாஸ் பக்கமே போகாமல் கணினியைப் பயன்படுத்துங்கள். அப்போதும் விழுந்தால் நாஸ் மீது பழிபோட முடியாது. விழவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்து, மேக்கில் உள்ள 'கன்சோல்' செயலியைத் திறந்து 'பேனிக்' அறிக்கையைத் தேடுங்கள். முழுக்கப் புரியவேண்டிய அவசியமில்லை. விழுந்த நேரத்தில் ஓடிய செயல் 'பேக்கப்டி'யா, 'எஸ்எம்பிஎஃப்எஸ்' போன்ற பெயர்கள் வருகின்றனவா என்று பார்த்தால் போதும். பெயர் இருப்பதாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பெயர் வந்தால் கவனியுங்கள்.

நாஸின் நிர்வாகப் பக்கத்தில் இடம் நிரம்பிவிட்டதா, வட்டு பழுது என்று எச்சரிக்கை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வட்டே பழுதென்றால் கீழே சொல்வது எதுவும் உதவாது; முதலில் வட்டை மாற்றணும்.

வட்டு நன்றாக இருந்தால் மேக்கை ஈதர்நெட் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, மின்சாரத்தில் செருகி, மூடியைத் திறந்தே வையுங்கள். ஆப்ஷன் விசையை அழுத்தியபடி மேலே உள்ள டைம் மெஷின் சின்னத்தைச் சொடுக்கினால் பேக்கப்பைச் சரிபார்க்கும் தெரிவு வரும். பல மணி நேரம் எடுக்கலாம், விட்டுவிடுங்கள். (மின்விசிறிக்கு பிளக் வேண்டும் என்று பாதியில் நாஸைப் பிடுங்கிய புத்திசாலி நான்.)

சரிபார்ப்பு தோற்றால், புதிய பேக்கப் தொடங்கட்டுமா என்று மேக் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் 'சரி' அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் பழைய பேக்கப் வரலாறு மொத்தமும் நீக்கப்படும். போன வருடம் கணினியிலிருந்து அழித்த தாத்தா படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன என்றால்?

'பிறகு' என்று தள்ளிப்போடுங்கள். முடிந்தால் அந்த டிஸ்க் இமேஜை வேறொரு வட்டுக்கு நகல் எடுங்கள். பழுதுபார்க்கும் முயற்சியெல்லாம் அந்த நகலில்தான், மூலத்தைத் தொடவேண்டாம். அதற்கிடையே யுஎஸ்பி வட்டு ஒன்றில் இன்றைய கோப்புகளுக்குத் தனி பேக்கப் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியான பிறகு பேக்கப்பிலிருந்து ஒரு பழைய படத்தை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். அது திறந்தால், தானியங்கி பேக்கப்பை மறுபடியும் போடலாம். இந்த முறை கேபிளிலேயே.