பூட்டியாரின் பெயர்

சென்ற தவணையில் ஒருநாள் எம் வகுப்பு மாணவரிடம், "உங்கள் பூட்டனார், பூட்டியார் பெயர்களை எழுதுங்கள்" என்றோம். பூட்டனார் பெயரைச் சிலர் எழுதினர். பூட்டியார் பெயரை எழுதியவர் ஒருவருமிலர். சோழ மன்னர் வரிசையைத் தட்டுத்தடங்கலின்றி ஒப்புவிக்கும் பிள்ளைகள் தம் குலத்து அன்னையரை அறியாதிருந்தனர். கடிந்துகொள்ள வாயெடுத்த நாம் திடுக்குற்றோம். எமக்கும் அப்பெயர் தெரியாது!

தந்தையின் பெயரையே முதலெழுத்தாக இடுவது நம் வழக்கம். ஆதலின், பெண்ணின் பெயர் இரண்டு தலைமுறைக்குள் வாய்ச்சொல்லிலிருந்து மறைந்துவிடுகின்றது. ஆயினும், யாழ்ப்பாணத்தில் அது மறையாத இடம் ஒன்றுண்டு. அதுவே சீதன உறுதி.

ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகைப்படுத்துகின்றது. சீதனம் தாய்வழியே மகளுக்கு இறங்குவது. ஆகவே, காணி எவ்வாறு உரித்தாயிற்று என்பதை உறுதியில் எழுதும்போது தாயின் பெயரையும் எழுதவேண்டியதாயிற்று.

1995ஆம் ஆண்டு ஐப்பசி இடப்பெயர்வில் எம் அன்னையார் நகையைவிடப் பத்திரமாகத் துணியிற் சுற்றிச் சென்றவை உறுதிகளும் சாதகக் குறிப்புகளுமே. அன்று சிறுவராயிருந்த நாம் அதன் பெறுமதியை உணர்ந்திலோம். அண்மையில் அக்கட்டை அவிழ்த்தோம். பூட்டியார் தம் மகளுக்கு எழுதிக்கொடுத்த சீதன உறுதி அதில் இருந்தது. அவருடைய பெயரும், அவருக்கு அக்காணியை ஈந்த அன்னையின் பெயரும், பெற்றுக்கொண்ட மகளின் பெயரும் ஒரே தாளில் நின்றன. ஈற்றிலே, எழுதப்படிக்க அறியாத அம்மூதாட்டியின் பெருவிரல் அடையாளம்! நெடுநேரம் அதனையே பார்த்திருந்தோம்.

நான்கெல்லையையும் வாசித்தல் நன்று. அயற்காணிக்காரராக எழுதப்பட்டோர் பெரும்பாலும் உடன்பிறந்தாரே. ஒரு வளவு பல துண்டுகளான கதை அங்கே தெரியும். 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தரின் தோம்புகளில் எஞ்சியவை கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அத்தகைய பழம்பதிவில் சைவக் குடும்பத்து முன்னோர் கிறித்தவப் பெயருடன் தோன்றினால் வாசகர் மலைக்கவேண்டா. திருமணமும் உரிமையும் செல்லுபடியாதற்பொருட்டு அக்காலத்தில் பலர் திருமுழுக்குப் பெற்றனர்.

குலப்பெருமை பேசுதற்கு இவ்வாராய்ச்சி வேண்டா. கடனும் வழக்கும் பிணக்கும் அவ்வேடுகளில் உண்டு. நம்மைப் போன்றே அல்லற்பட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள் என்றறிவதே பயன்.

ஏடுகள் நிலையானவை அல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. மனிதரின் நினைவோ அதனினும் நொய்தானது. பூட்டியாரை நேரிற் கண்டவர் எம் பெரிய மாமியார் ஒருவரே. தைப்பொங்கலுக்குச் சென்று கேட்போம் என்றிருந்தோம். மார்கழியில் அவர் சிவபதமெய்தினார். பெயர் கிடைத்தது, அப்பெயருக்குரியவரின் குரலும் நடையும் எத்தகையன என்று சொல்ல இனி எவருமிலர்.

உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பின், இன்று மாலையே ஓர் அப்பியாசக் கொப்பியுடன் அவர் அருகில் அமருங்கள். முதலில் பெண்களின் பெயர்களைக் கேளுங்கள்.