ஓடாத இன்ஜினை வாங்கிக் கொடுங்கள்!

ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் தோட்டப்புறங்களில் நாம் நுழையும் வீடுகளில் இந்தப் புகார் அடிக்கடி வருகிறது: "பையன் எந்நேரமும் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கிட்டு இருக்கான், படிப்பு ஏறல." திட்டாதீங்க.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவும் பள்ளியைப் பாதியில் விட்டவர்தாம். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஊர் சுற்றவா? அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மாட்டிப் பார்க்க! 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர் அவர்.

கார் இன்ஜின்தான் ஆசை என்றாலும் ஒற்றைச் சிலிண்டர் கப்சாயில் தொடங்கட்டும். பழைய இரும்புக் கடையில் ஓடாத இன்ஜின் தேடுங்கள். இழுப்பது, அமுக்குவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது: காரிலும் இதே நாலு வேலைதான். கழற்றிய போல்ட்டுகளை முட்டைத் தட்டில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. குறுக்கு மறுக்காக, கொஞ்சங் கொஞ்சமாக. அடைத்த கொட்டகையில் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகை ஆளையே கொன்றுவிடும்.

நமக்கு வயிற்றெரிச்சல் வேறு. பட்டறையில் பத்து வருஷம் எடுபிடியாகவே கழிக்கிறான் பிள்ளை. தொழில் தெரியும், கையில் தாள் இல்லை, சம்பளமும் ஏறாது. 2005இல் அரசாங்கம் தொடங்கிய எஸ்.எல்.டி.என். பயிற்சியில் பெரும்பகுதி பட்டறையிலேயே நடக்கும்; முடிவில் எஸ்.கே.எம். திறன் சான்றிதழ். பல வருஷம் வேலை பார்த்த அண்ணன்மார்கள் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டி, பி.பி.டி. வழியாக அதே சான்றிதழுக்கு மனுச் செய்யலாம்.

பட்டறையில் சேர்க்கிற அன்றைக்கே முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எஸ்.எல்.டி.என். உண்டா? சொக்சோ கட்டுவீங்களா?