பிள்ளையை மாற்ற மருந்து கேட்காதீர்கள்!

"பையனுக்குப் பதினாறு வயசு ஐயா. நடை, பேச்சு, நிக்கிற விதம் எல்லாம் பொம்பளைப் புள்ள மாதிரியே இருக்கு. அக்காவோட சுடிதாரைப் போட்டுக்கிட்டு ரூமைச் சாத்திக்கிறான். அடிச்சுக் கேட்டா, 'நான் பொண்ணுதாம்மா'ங்கிறான். உடம்புல சூடு ஜாஸ்தியாகி நரம்பு தளர்ந்துட்டா இப்படி ஆகுமாமே... சித்தாவுல இதுக்கு லேகியம் இருக்காமே?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி தாய் கேட்பார். தகப்பனார் பெரும்பாலும் உள்ளே வர மாட்டார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சித்த மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் மந்திரிப்பு, தாயத்து, ஜோசியம், பரிகாரம் என்று ஒரு சுற்று முடித்திருப்பார்கள். பிள்ளை தலையைக் குனிந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்.

இவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். லேகியம் இல்லை, சூரணம் இல்லை, பஸ்பமும் இல்லை. சித்தாவில் மட்டுமல்ல, வேறு எந்த வைத்தியத்திலும் இல்லை. காரணம், இது நோயே இல்லை! உடம்புச் சூட்டினால் வருவதில்லை. நரம்புத் தளர்ச்சியால் வருவதில்லை. அம்மா செல்லம் கொடுத்ததாலோ, யாரோடோ பழகியதாலோ ஒட்டிக்கொள்வதும் இல்லை. சிலருக்கு நாலைந்து வயதிலேயே 'நான் வேறு' என்று தெரிந்துவிடுகிறது. சிலருக்குப் பருவ வயதில் தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிறந்தபோது குறித்த பாலினமும் மனம் உணரும் பாலினமும் பொருந்தாமல் இருப்பதை அதில் மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் பிறப்பித்த உத்தரவில், இவர்களை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் மருத்துவத்தைத் தடுக்கச் சொன்னார். அதையொட்டி 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் செய்வது மருத்துவர் தொழில் ஒழுங்குக்கே விரோதம் என்று அறிவித்தது. எங்கள் துறைக்கும் அதே நியாயம்தான் என்பது என் கட்சி. 'மூணு மண்டலம் சாப்பிடட்டும், முழு ஆம்பளையா ஆக்கிக் காட்டுறேன்' என்று லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் போகாதீர்கள். பணம் போவது ஒரு பக்கம். முறையாகச் சுத்தி செய்யாத, புடம் போடாத பஸ்பமும் செந்தூரமும் வளரும் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

'நம்ம பெரியவங்க காலத்துல இதெல்லாம் ஏது?' என்று தாத்தா பாட்டிகள் கேட்பார்கள். இருந்தது! திருமந்திரத்தில் கரு உண்டாவதைப் பாடும் பகுதியில் ஆண், பெண், இரண்டிலும் சேராத இன்னொரு பிறப்பு என மூன்றையும் திருமூலர் சொல்கிறார். மூச்சோட்டத்தை வைத்து அவர் சொல்லும் கணக்கை இன்றைய விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளாது. நானும் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்றையும் கருவில் அமைவதாகத்தான் பாடினாரே தவிர, நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே. ஆண்மை திரிந்தவர்களை உயர்திணையில் வைத்து, அவர்களுக்கு ஆண்பால் சொல் பொருந்தாது என்றும் சொல்லதிகாரத்தில் இலக்கணம் எழுதிவிட்டார். வீட்டில் 'அது', 'இது' என்று பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும். நானும் இனி 'அவள்' என்றே எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. சமையல்கட்டில் உதவுகிற பையன் எல்லாம் திருநங்கை அல்ல, கிராப் வெட்டிக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிற பெண் எல்லாம் திருநம்பியும் அல்ல. ஆணுக்கு ஆண் மேல் ஈர்ப்பு வருவதும் வேறு விஷயம். பிள்ளை தானாகச் சொல்லட்டும். பெயர் சூட்ட அவசரம் வேண்டாம்.

உடம்பு எங்கே கெடுகிறது?

திருநங்கையாகப் பிறந்ததால் உடம்பு கெடுவதில்லை. வீட்டில் அடி, பள்ளிக்கூடத்தில் கேலி. ஒருநாள் ராத்திரி சொல்லாமல் பஸ் ஏறிவிடுகிறாள். அல்லது வீட்டிலேயே இருந்துகொண்டு யாருக்கும் தெரியாமல் தன் உடம்பில் தானே வைத்தியம் செய்துகொள்கிறாள். கேடு அங்கேதான்.

முதலில் கருத்தடை மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி, 'சீக்கிரம் மாறணும்' என்று ஒன்றுக்கு நாலாக விழுங்குகிறார்கள். இந்த மாத்திரைகள் பலவற்றில் இருப்பது எதினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஹார்மோன். ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து இதில் அதிகம் என்பதால் ஹார்மோன் நிபுணர்கள் இதைத் தவிர்த்து வேறு வகையைக் கொடுப்பார்கள். அளவைக் கூட்டினால் மாற்றம் வேகமாக வந்துவிடாது, ஆபத்துதான் வேகமாக வரும். சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி!

அடுத்தது 'நிர்வாணம்' என்று அவர்கள் சொல்லும் அறுவை. ஒரு காலத்தில் 'தாயம்மா' கையால், மயக்க மருந்துகூட இல்லாமல், ராத்திரியில் நடந்த காரியம். ரத்தப்போக்கிலேயே போனவர்கள் உண்டு. பிழைத்தவர்களிலும் பலருக்குச் சிறுநீர்த் துவாரம் சுருங்கி, சொட்டுச் சொட்டாகப் போகும். தமிழ்நாட்டில் 2008-ல் நல வாரியம் அமைந்தது. அரசு மருத்துவமனையிலேயே இந்த அறுவை சிகிச்சைக்கு வழியும் பிறந்தது. பதினெட்டு வயதுக்கு முன்பு அந்தப் பேச்சே கிடையாது. பெற்றோர் பயப்படுவது இதற்குத்தான். 'ஒத்துக்கிட்டா நாளைக்கே ஆபரேஷன்னு நிப்பாளே' என்கிறார்கள். அப்படி இல்லை. மனநல மருத்துவர் பலமுறை பேசி, சோதித்து, பிறகுதான் ஒவ்வொரு படியும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. விதைகளை எடுத்தபின் 'இனி எதுக்கு மாத்திரை?' என்று ஹார்மோனை நிறுத்திவிடுகிறார்கள். ஆண் ஹார்மோனும் இல்லை, பெண் ஹார்மோனும் இல்லை என்றால் எலும்பு இளைக்கும். மாதவிடாய் நின்ற அறுபது வயதுப் பாட்டிக்கு வருகிற எலும்புத் தேய்மானம் இவளுக்கு முப்பதிலேயே வந்து நிற்கும்! கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, மோர் எல்லாம் நல்லதுதான். ஆனால் மருத்துவர் கொடுத்த ஹார்மோனுக்கு அவை மாற்று ஆகாது.

பெண்ணாகப் பிறந்து ஆணாக உணரும் திருநம்பிகளின் கஷ்டம் வெளியே தெரிவதே இல்லை. மார்பு தெரியக் கூடாதென்று கிரேப் பேண்டேஜைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விலா எலும்பு வலிக்கும், மூச்சு முழுசாக இழுக்க வராது, தோல் புண்ணாகும். பேண்டேஜ் கூடவே கூடாது. அதற்கென்று தைத்த உள்ளாடை இருக்கிறது. அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாமல், தூங்கும்போதும் விளையாடும்போதும் கழற்றிவிட வேண்டும். மாதவிலக்கு நிற்கட்டும் என்று பட்டினி கிடந்து சோகை பிடித்து வெளுத்துப் போகிறவர்களும் உண்டு. உடம்பெல்லாம் மாத்திரை தேடுவதைவிட, தட்டில் சோறு குறைகிறதா என்று அம்மா பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், இரு தரப்புக்கும் பொது. பள்ளிக்கூடத்தில் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்ற பயத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு என்று என்னிடம் வருகிறார்கள். நெருஞ்சில் குடிநீர் கொடுத்தால் கேட்கும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனதும் மறுபடியும் வரும். தலைமை ஆசிரியரைப் பார்த்து, தனியாக ஒரு கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கேட்டுவிடுங்கள். இதற்கு மருந்து அதுதான்.

சித்த மருந்து கேட்டு இந்தப் பிள்ளைகளே நேரடியாகவும் வருகிறார்கள். 'தண்ணீர்விட்டான் கிழங்கு சாப்பிட்டா மார்பு வளருமா ஐயா?' வளராது. அது உடம்புக்கு ஊட்டம், பால் கொடுக்கும் தாய்க்கு உகந்தது, அவ்வளவே. ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர் அமுக்கராவைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதிமதுரம் ரத்த அழுத்தத்தையும் உடம்பிலுள்ள பொட்டாசியத்தையும் மாற்றக்கூடியது. சில ஹார்மோன் மாத்திரைகளோடு அது சண்டை போடும். எந்த மருந்தானாலும் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மனசு உடைவது

நன்றாகப் படித்த பிள்ளை மார்க் குறைகிறது, கண்ணாடி பார்ப்பதில்லை, குளிக்கப் போனால் வெளியே வருவதில்லை, வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறது. அந்தக் கையைப் பாருங்கள், பிளேடு கீறல் இருக்கலாம். 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே' என்று ஒரு வார்த்தை வந்தால் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று ராத்திரி பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, தூக்க மாத்திரை இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 104-ம் இருக்கிறது.

'கடைசியில் கைதட்டிக் காசு கேட்கத்தானே போகணும்?' என்று ஒரு தகப்பனார் கேட்டார். வீட்டில் இடமில்லாதவர்கள்தான் அங்கே போனார்கள். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் பரதம் ஆடி 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பிரித்திகா யாஷினி வழக்குப் போட்டு ஜெயித்து 2017-ல் சப் இன்ஸ்பெக்டர் ஆனார். அவர்களும் சுலபமாக வந்துவிடவில்லை. ஆனால் கூட ஒருவராவது நின்றால் எவ்வளவு மிச்சமாகும் என்று பாருங்கள்.

உடனே செய்யக்கூடியது என்ன? அடிப்பதை நிறுத்துங்கள். முடி வெட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவள் விரும்பும் பெயரை வீட்டுக்குள்ளாவது கூப்பிட்டுப் பாருங்கள். முதல் வாரம் நாக்கு திரும்பாது, பரவாயில்லை. பிளஸ் டூ முடியும்வரை படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, மனநல மருத்துவர் ஒருவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இவர்களுக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. ஹார்மோன் ஆரம்பித்தால் முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். போகும்போது, இதுவரை ஒளித்து வைத்துச் சாப்பிட்ட மாத்திரை அட்டை, ஊசி மருந்துக் குப்பி, சூரணப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். திட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கேட்டால், பிள்ளையே எடுத்துக் கொடுத்துவிடும்.