பண்ணைக் கருவிகளுக்கு ஏற்ற பெவல் கியரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உழவர் பெருமக்கள் பயன்படுத்தும் பல கருவிகளில் சக்தி வரும் தண்டு ஒரு திசையிலும், வேலை செய்யும் தண்டு அதற்குச் செங்கோணத்திலும் அமைந்துள்ளன. தென்னை, மா கன்றுகளுக்குக் குழி தோண்டும் கருவியில் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு படுக்கைவாட்டில் சுழல, மண்ணைத் துளைக்கும் திருகு செங்குத்தாக நின்று சுழல்கிறது. ரோட்டவேட்டரில் நெடுக்காக வரும் சுழற்சி குறுக்குத் தண்டுக்கு மாறுகிறது. இவ்வாறு திசையை மாற்றித் தருபவை கூம்பு வடிவப் பற்சக்கரங்கள். பட்டறைகளில் இவற்றைப் பெவல் கியர் என்றும், ஜோடியாக இருக்கும்போது கிரௌன், பினியன் என்றும் கூறுவர்.

வேலை மும்முரமான பருவத்தில் இந்தக் கியரின் பல் உடைந்தால், கிடைத்ததை வாங்கி மாட்டி வேலையைத் தொடரவே மனம் விரும்பும். பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறது, தண்டிலும் ஏறுகிறது என்பதற்காக வாங்கிய கியர் சில நாட்களிலேயே உடைவதுடன், நன்றாக இருந்த இணைக் கியரையும் கெடுத்துவிடும். ஆகவே கீழ்க்கண்ட விவரங்களை அறிந்து வாங்குவது பணத்தையும் பருவத்தையும் காக்கும்.

பழைய கியரைப் பாருங்கள்

உடைந்த கியரைத் தூக்கி எறியாதீர்கள். பற்கள் ஒரு முனையில் மட்டும் உடைந்திருந்தால் கியர்கள் நேராகப் பொருந்தவில்லை அல்லது பேரிங் தேய்ந்துள்ளது என்று கொள்ளலாம். பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் சுமை மிகுதி அல்லது எண்ணெய்க் குறைவு காரணமாக இருக்கும். பல் மெலிந்து கத்தி முனை போல் தேய்ந்திருந்தால் எஃகு மென்மையானது அல்லது எண்ணெயில் மண் கலந்துள்ளது. காரணத்தை நீக்காமல் புதிய கியர் மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

ஜோடியாகவே வாங்க வேண்டும்

சாதாரண நேர்ச் சக்கரங்களில் பல்லின் அளவு ஒன்றாக இருந்தால், 20 பல் சக்கரம் 40 பல் சக்கரத்துடனும் சேரும், 60 பல் சக்கரத்துடனும் சேரும். பெவல் கியரில் அவ்வாறு சேராது. இரண்டு கூம்புகளின் உச்சியும் ஒரே புள்ளியில் சந்தித்தால்தான் பற்கள் முழு நீளத்திற்கும் பொருந்தும். எனவே கூம்பின் சாய்வு, ஜோடியின் பல் விகிதத்தைப் பொறுத்தே அமைகிறது. செங்கோண அமைப்பில் 20 பல்லும் 20 பல்லும் சேர்ந்தால் இரண்டின் சாய்வும் 45 டிகிரி. அதே 20 பல் பினியன் 40 பல் கிரௌனுடன் சேர வேண்டுமானால் பினியனின் சாய்வு ஏறக்குறைய 26½ டிகிரியாகவும், கிரௌனின் சாய்வு 63½ டிகிரியாகவும் இருக்க வேண்டும். ஒரு ஜோடியின் பினியனை மற்றொரு ஜோடியில் மாட்டினால் பல்லின் ஒரு முனை மட்டுமே சுமை தாங்கும்.

ஒன்று தேய்ந்தாலும் இரண்டையும் மாற்றுவதே முறை. தேய்ந்த பல்லுடன் புதுப்பல் சரியாகப் படியாது.

நேர்ப்பல்லா, சுருள் பல்லா?

நேர்ப்பல் கியர் விலை குறைவு. பட்டறையில் செய்வதும் எளிது. பல்லின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் வரை உள்ள கருவிகளுக்கு இதுவே போதும். 60 மி.மீ. விட்டமுள்ள கியர் நிமிடத்திற்கு 1500 சுற்று சுழன்றால் வேகம் விநாடிக்கு 4.7 மீட்டர். இதற்கு மேல் வேகம் கூடினால் இரைச்சலும் அதிர்வும் மிகும். அப்போது வளைந்த பற்களைக் கொண்ட சுருள் பல் கியர் ஏற்றது. இதில் ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் சேர்ந்து சுமை தாங்குவதால் ஓட்டம் மென்மையாக இருக்கும்.

சுருள் பல்லில் இடச்சுழி, வலச்சுழி என இரு வகை உண்டு. செங்கோண அமைப்பில் ஒன்று இடச்சுழியாயின் மற்றது வலச்சுழியாக இருக்க வேண்டும். பழைய பினியனின் சுழி எதுவோ அதையே வாங்குங்கள். சுழி மாறினால் தண்டைத் தள்ளும் விசையின் திசையும் மாறி, பேரிங் கெடும்.

பல்லின் அளவு

பல்லின் பருமனை மாடுல் என்ற அளவால் குறிப்பர். சமப் பற்கள் உள்ள நேர்ப்பல் செங்கோண ஜோடியில், வெளிவிட்டத்தை மி.மீட்டரில் அளந்து, பல் எண்ணிக்கையுடன் 1.41 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மாடுல் கிடைக்கும். 20 பற்களும் 64.2 மி.மீ. வெளிவிட்டமும் இருந்தால் அது 3 மாடுல். அங்குல முறையில் செய்த பழைய கருவிகளில் 8 டி.பி. என்ற அளவு உண்டு. அதன் மாடுல் 3.175. பார்வைக்கு 3 மாடுல் போலவே இருக்கும். ஆனால் இரண்டும் சேரா. பல்லின் அழுத்தக் கோணமும் ஒத்திருக்க வேண்டும். இக்காலக் கியர்களில் பெரும்பாலும் இது 20 டிகிரி. பழையவற்றில் 14½ டிகிரியும் உண்டு.

சுமைக் கணக்கு

குதிரைத்திறனை மட்டும் பார்த்துக் கியரை முடிவு செய்யக் கூடாது. குதிரைத்திறனை 716 ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றுகளால் வகுத்தால், தண்டின் திருகுவிசை கிலோகிராம்-மீட்டரில் கிடைக்கும். 5 குதிரைத்திறன் என்ஜின் 1500 சுற்றில் தரும் திருகுவிசை 2.4. அதே என்ஜினைப் பெல்ட் மூலம் 500 சுற்றாகக் குறைத்தபின் கியர் பெட்டியில் இணைத்தால் அது 7.2 ஆகிவிடும். பல்லின் நடு ஆரம் 25 மி.மீ. என்றால் முதல் அமைப்பில் பல்லின் மேல் விழும் விசை 96 கிலோ. இரண்டாவதில் 288 கிலோ. ஆகவே சொந்தமாகக் கருவி செய்வோர், கியரின் வேக வரம்பிற்குள், பெவல் கியரை வேகமான பக்கத்தில் வைத்து, வேகத்தை அதற்குப் பின் குறைப்பது நல்லது. கல்லிலும் வேரிலும் மோதும் கருவிகளுக்குக் கணக்கில் வந்ததைப் போல் இரு மடங்காவது தாங்கும் கியர் தேவை.

எந்த எஃகு?

சாதாரண மென் எஃகில் கரி குறைவு. அதைக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. கையால் சுற்றும் கருவிக்கு அது போதும், என்ஜினுக்கு உதவாது. இ.என். 8 எனப்படும் நடுத்தர எஃகில் சுமார் 0.4 சதம் கரி உள்ளது. பற்களைக் கடினமாக்கிய இ.என். 8 கியர், மோதல் இல்லாத இலேசான வேலைக்கு ஏற்றது. குழி தோண்டும் கருவி, ரோட்டவேட்டர் போன்றவற்றிற்கு 20 எம்.என்.சி.ஆர். 5, இ.என். 353 போன்ற கலப்பு எஃகே சிறந்தது. இவற்றின் மேற்பரப்பில் கரியூட்டிக் கடினமாக்குவதால், பல்லின் முகம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கடினமாகிறது. உட்பகுதியோ வளைந்து கொடுக்கும் உரத்துடன் இருக்கிறது. முகம் தேயாது; அதிர்ச்சியில் பல்லும் எளிதில் ஒடியாது.

கடையில் சோதிக்க எளிய வழி உண்டு. நல்ல அரத்தின் முனையைப் பல்லின் பக்கவாட்டு ஓரத்தில் இலேசாகத் தேயுங்கள். அரம் வழுக்கினால் கியர் கடினமாக்கப்பட்டது. கடித்து இரும்புத் தூள் உதிர்ந்தால் மென்மையானது. பற்கள் ஒன்றோடொன்று படியும் முகத்தில் அரத்தை வைக்கக் கூடாது.

பொருத்தும்போது

நல்ல கியரும் தவறாகப் பொருத்தினால் உடையும். கியரின் பின்னால் வைக்கும் சிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். ஒரு கியரை அசையாமல் பிடித்து மற்றதை ஆட்டினால், 3 மாடுல் கியரில் 0.1 முதல் 0.15 மி.மீ. வரை அசைவு இருக்க வேண்டும். அசைவே இல்லையெனில் கியர் சூடேறிக் கெடும். பற்களில் நீலப் பசை தடவிச் சுற்றிப் பாருங்கள். பசையின் தடம் பல்லின் நடுவிலோ, நடுவிலிருந்து சிறிது உள்முனைப் பக்கமாகவோ விழுவது சரியானது. சுமை ஏறும்போது தடம் வெளிமுனைப் பக்கம் நகரும்.

கருவியில் ஷியர் போல்ட் இருந்தால், கருவி செய்தவர் குறித்த தரத்திலேயே போட வேண்டும். அது அடிக்கடி அறுகிறதென்று கடினமான போல்ட் போட்டால், அடுத்து ஒடிவது கியரின் பல்லே.

வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. இரண்டு கியரின் பல் எண்ணிக்கை
2. மாடுல் அல்லது டி.பி., அழுத்தக் கோணம்
3. நேர்ப்பல்லா, சுருள் பல்லா. சுருள் எனில் எச்சுழி
4. தண்டுத் துளையின் விட்டம், சாவிப் பள்ளத்தின் அளவு
5. எஃகின் வகை, கடினமாக்கிய விவரம்

இவற்றை ஒரு தாளில் குறித்து, பழைய கியர் இரண்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பருவம் தொடங்கும் முன்பே கியர் பெட்டியைத் திறந்து பார்த்து, தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிக்கொண்டால், வேலை நாளில் கருவி நிற்காமல் ஓடும்.